எங்கள் தெருவில் டேய் சொல்லாத நாட்கள்

நைனா! போவதற்கு முன்னால் உன் நாய்க்கு ஒரு பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். மணி, டைகர், ஜிம்மி என்று எத்தனை பெயர் ஊரில் சும்மா கிடக்கிறது. மூன்று வருஷமாக நீ அவனை 'டேய்' என்றே கூப்பிட்டாய். அவனும் தன் பெயரே டேய் என்று நினைத்துக்கொண்டான். நீ போய்விட்டாய். அதனால் அல்லாடியது நான்.

நைனாவிடமிருந்து இனிமேல் பதில் வரப்போவதில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன். நான் எட்டாவதோடு நின்றவள். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நைனா, அதாவது அப்பா, குட்டியானை ஓட்டுவார். நிஜ யானை இல்லை. சின்ன லோடு வண்டியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வண்டி இன்னொருவருடையது, ஓட்டுவது மட்டும் நைனா. திருமுக்கூடலில் நெல் மூட்டை, காஞ்சிபுரத்துக்கு வாழைத்தார், உத்திரமேரூர் கல்யாண மண்டபத்துக்குப் பாத்திரம், எதுவென்றாலும் ஏற்றுவார். லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பின்னால் நாய் இருக்கும். டிரைவர் தலைக்கு மேலே கூரையில் இரண்டு முன்கால்களையும் வைத்துக்கொண்டு, ஓட்டுவதே தான்தான் என்பதுபோல நிற்பான். வண்டி மெதுவானால் குதிப்பான். கிளம்பினால் ஓடி வந்து ஏறுவான். நைனா உள்ளேயிருந்து "டேய்!" என்பார். ஏறு, இறங்கு, வா, சோறு தின்னு, எல்லாமே அந்த ஒரு சொல்தான். எந்தச் சமயத்தில் எந்த அர்த்தம் என்று அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

இந்த வருஷம் அறுப்பு முடிகிற சமயத்தில் ஒரு நாள் காலை மூட்டை ஏற்றப் போன இடத்தில் நைனா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். அதற்குமேல் அதை எழுத எனக்கு வராது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஓனர் வந்து வண்டியை எடுத்துப் போய் வேறு ஒரு அண்ணனிடம் கொடுத்தார். கொடுக்கத்தானே வேண்டும், வண்டி நின்றுகொண்டே இருக்குமா.

அந்த அண்ணன் எங்கள் தெரு வழியாகத்தான் போவார். ஒரு நாள் குறுக்கே சைக்கிளில் வந்த ஒருவனைப் பார்த்து ஜன்னல் வழியாக "டேய்!" என்று கத்தினார். அதே வண்டி, அதே ஜன்னல், அதே சொல். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடினான். போகிற வண்டியில் பின்னாலிருந்து தாவினான். பின்பக்கத் தடுப்பு மூடியிருந்தது. அதில் மோதி ரோட்டில் விழுந்தான். வலது முன்கால் மடங்கித் தொங்கியது. அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டு என்னைவிட அதிகமாக அழுதார். அந்த வண்டியிலேயே போட்டுக்கொண்டு மாட்டு டாக்டரிடம் போனோம்.

மாட்டு டாக்டர் என்றால் பெரிய மீசை வைத்தவரை எதிர்பார்த்தேன். என்னைவிட நான்கைந்து வயது பெரிய ஒரு டாக்டரம்மாதான். படம் எடுத்துப் பார்த்து மாவுக்கட்டுப் போட்டார்.

"ஆறு வாரம். ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது. உள்ள எலும்பு நகர்ந்தா ஆபரேஷன், அதுக்குச் சென்னைக்குப் போகணும். அப்பவும் கூடலன்னா காலை எடுக்கறதுதான் வழி. புரியுதாம்மா?"

"கட்டிப் போட்டுடறேன் மேடம்."

"கட்டிப் போட்டா மட்டும் பத்தாது. இது வேலை பாத்த நாய். சும்மா வெச்சிருந்தா கட்டையே கடிச்சிப் பிச்சிடும். மூளைக்கு வேலை குடுங்க, மூக்குக்கு வேலை குடுங்க. அரை மணி நேரம் மோந்து மோந்து தேடினா, ஏரியைச் சுத்தி ஓடின மாதிரி அசந்து தூங்கும்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"மூளைக்கு வேலையா? நாயிக்கா? பெத்த பொண்ணுக்கே அத்த குடுக்க முடியல என்னால" என்றாள்.

நைனா போன பிறகு அம்மா முழுசாகப் பேசிய முதல் பேச்சு அது. திட்டுகிறாளே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அவனைத் தையல் மெஷின் காலில் கட்டினேன். நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவள். நைனாவுடையது என்று எங்களிடம் மிச்சம் இருந்தது இரண்டு சட்டை, ஒரு கண்ணாடி, இந்த நாய். சட்டையும் கண்ணாடியும் எங்கேயும் ஓடாது. இவன் காலையாவது முழுசாக வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்று மெஷினில் உட்கார்ந்தபடியே மனசுக்குள் நைனாவுக்கு வாக்குக் கொடுத்தேன். வாக்குக் கொடுத்த மறுநாளே அவன் மெஷினை ஒரு முழம் இழுத்துவிட்டான். இரும்பு மெஷின்! தைத்துக்கொண்டிருந்த கல்யாண ஜாக்கெட்டில் கை வைக்கிற இடம் முதுகு வரைக்கும் போய்விட்டது.

வேலை கொடுக்கத்தான் வேண்டும் என்று அப்போது புரிந்தது. என்னிடம் இருப்பது வெட்டுத் துணி. ஒரு கோணிப்பையை விரித்து, அதன்மேல் துண்டுத் துணிகளை விரல் நீளத்துக்கு வெட்டி, நெருக்கமாக வைத்துத் தைத்தேன். முடித்தபோது பச்சை, சிவப்பு, ஜரிகை என்று நாற்று நட்ட வயல் மாதிரி இருந்தது. அதற்குள் நெத்திலிக் கருவாட்டைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டு மறைத்தேன். உப்புப் போக நன்றாக ஊறவைத்துத்தான். அவன் மூக்கை உள்ளே விட்டான். புஸ் புஸ்ஸென்று சத்தம். ஒவ்வொரு துணியாக விலக்கித் தேடினான். முடித்ததும் ஜரிகைத் துண்டு ஒன்று மூக்கில் ஒட்டியபடியே தூங்கிப் போனான். டாக்டரம்மா சொன்னது அப்படியே நடந்தது.

அப்புறம் கொட்டாங்குச்சி விளையாட்டு. மூன்று கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து, ஒன்றுக்குள் கருவாடு. எதில் என்று மூக்கால் தொட்டுக் காட்ட வேண்டும். இரண்டு நாளில் கற்றுக்கொண்டான். அம்மா முதலில் தூரத்திலிருந்து பார்த்தாள். பிறகு கிட்டே வந்தாள். பிறகு என்னைத் தள்ளிவிட்டு அவளே உட்கார்ந்தாள்.

"ஏமாத்தறியா? மூணுலயும் வெக்காம உட்டா அவன் எங்க மோப்பான்?" என்றேன்.

"கம்முனு இருடி. அவனுக்குக் கோவம் வருதா பாக்கறேன்."

அவனுக்குக் கோபம் வரவில்லை. மூன்றையும் மோந்துவிட்டு அம்மாவின் முந்தானையை மூக்கால் இடித்தான். கருவாட்டை அங்கேதான் முடிந்து வைத்திருந்தாள். அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டு, சிரித்துவிட்டோமே என்று உடனே எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இவ்வளவு செய்தும் ஒரு சங்கடம் தீரவில்லை. நன்றாகப் படுத்திருப்பான். திடீரென்று யாரோ ஊசியால் குத்தியதுபோல எகிறி நிற்பான். கட்டுப் போட்ட கால் தரையில் டங்கென்று இடிக்கும். கயிறு இறுகும். வாசலைப் பார்த்து வாலை ஆட்டுவான். வாசலில் யாரும் இருக்க மாட்டார்கள்.

எதிர்வீட்டு அத்தை இதை ஒரு தரம் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான்.

"உங்க நைனாதாண்டி வராரு. வந்து வாசல்ல நின்னுக்கினு கீறாரு. நாயி கண்ணுக்குத் தெரியுது."

அம்மாவின் முகம் மாறிவிட்டது. நான் பயப்படவில்லை என்று சொன்னால் பொய். உள்ளுக்குள் கொஞ்சம் ஆசையாகவும் இருந்தது. மூன்று நாள் தைப்பதை விட்டுவிட்டு அவன் எழும்போதெல்லாம் வாசலையே பார்த்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. நான்காம் நாள்தான் காதைக் கொடுத்தேன்.

எதிர்வீட்டு மாமாவுக்கு டேய் இல்லாமல் வாய் திறக்காது. மகனைக் கூப்பிட்டாலும் டேய், போனை எடுத்தாலும் டேய், ஆட்டை விரட்டினாலும் டேய். அவர் ஒரு டேய் போட்டால் எங்கள் வீட்டில் ஒரு குதி. அவர் வெற்றிலை போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தால் இங்கேயும் அமைதி. நைனாவும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அவன் எழுந்தான்.

நேராகப் போய்ச் சொன்னேன். "மாமா, ஆறு வாரத்துக்கு நீங்க டேய் சொல்லக் கூடாது."

"இன்னா பாப்பா, நான் இன்னா கெட்ட வார்த்தையா சொல்றேன்?"

"கெட்ட வார்த்த எத்தினி வேணும்னாலும் சொல்லுங்க மாமா. டேய் மட்டும் வாணாம். அவன் காலு போயிடும்."

மாமா யோசித்தார். கால் போய்விடும் என்பது அவரை உலுக்கிவிட்டது. "அப்ப எம் புள்ளய எப்புடி கூப்புடறது?"

"சார்னு கூப்புடுங்களேன்" என்று அத்தை உள்ளேயிருந்து நக்கலாகச் சொன்னாள். அதுவே நிலைத்துவிட்டது. தெரு முழுக்கச் செய்தி போய், எல்லா ஆம்பளைகளும் ஒருவருக்கொருவர் சார் ஆனார்கள். "சார், உங்க ஆடு எங்க மொளவா செடிய துன்னுது சார்." "மூஞ்ச ஒடச்சிடுவேன் சார்." பாட்டில் தண்ணீர் வண்டிக்காரர் உள்ளே வந்துவிட்டு, இந்தத் தெருவில் எல்லாரும் எப்போது கவர்மென்ட் வேலைக்குப் போனார்கள் என்று கேட்டார். மாமா மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு திரிந்தார். டே என்று ஆரம்பித்துவிட்டு, எங்கள் வாசலைப் பார்த்து, டே...சார் என்று முடிப்பார்.

எத்தனை நாளைக்கு முடியும்? வெளியூர் ஆட்கள் வருகிறார்கள், பக்கத்துத் தெருவில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். அடுத்த தரம் மருந்து வாங்கப் போனபோது டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

"ஊரை மாத்தறதை விட நாயை மாத்தறது சுலபம். அந்த வார்த்தையைக் கேட்டு எழுந்தா ஒண்ணும் கிடைக்காது, படுத்தே இருந்தா ஈரல் கிடைக்கும்னு சொல்லிக் குடுங்க. மெதுவா ஆரம்பிங்க. அதுவும் மூளைக்கு வேலைதான்."

கோழிக்கடையில் ஈரல் வாங்கி வேகவைத்தேன். அவன் காதுக்குப் பக்கத்தில், மூச்சு விடுகிற சத்தத்தில் "டேய்" என்றேன். எழ நினைப்பதற்குள் இரண்டு முன்கால்களுக்கும் நடுவில் ஈரல். அவனுக்குக் குழப்பம். இன்னொரு தரம். இன்னொரு தரம். ஒரு வாரத்தில் வாசலிலிருந்து சொல்கிற அளவுக்கு வந்தோம். பிறகு அம்மா சொன்னாள். கடைசியில் மாமாவைக் கூப்பிட்டேன்.

"சத்தமாவே சொல்லலாமா?" என்று இரண்டு தரம் கேட்டார்.

"சொல்லுங்க மாமா."

எத்தனை நாள் சேர்த்து வைத்திருந்தாரோ. திருப்புலிவனம் வரைக்கும் கேட்டிருக்கும். நாய் முகவாயை மாவுக்கட்டின்மேல் வைத்து, என் கையைப் பார்த்தான். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பாடா, பேஜார் உட்டுச்சி" என்றார்.

நான்காவது வாரம். எல்லாம் நன்றாகப் போனது. கெடுத்தது நான்தான்.

நைனா அனுப்பிய ஒரு வாய்ஸ் மெசேஜ் அம்மாவின் போனில் இருக்கிறது. லோடு இறக்க நேரமாகும், நீங்கள் சாப்பிடுங்கள் என்று சொல்லிக்கொண்டே வருவார். நடுவில் ஒரு இருமல். முடிக்கும்போது திரும்பி நாயைப் பார்த்து, "டேய், கீய எறங்குடா!" என்பார். அதை நான் யாருக்கும் தெரியாமல் காதில் ஒட்டிவைத்துக் கேட்பேன். அன்று மத்தியானம் அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். எல்லார் குரலுக்கும் பழகிவிட்டான், நைனா குரலுக்கும் படுத்துத்தான் இருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். எனக்கு அந்தக் குரல் வீடு முழுக்கக் கேட்க வேண்டும் என்று இருந்தது. சத்தத்தை முழுசாக வைத்து அழுத்தினேன்.

நைனா பேச ஆரம்பித்ததுமே அவன் தலையைத் தூக்கினான். நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. டேய் வந்தது. கயிறு அறுந்துவிட்டது. மூன்று காலும் ஒரு கட்டுமாக வாசலைத் தாண்டி, ரோட்டுக்குப் போய், நைனா வண்டி நிறுத்துகிற புளியமரத்தடியைச் சுற்றிச் சுற்றி வந்தான். கட்டுப் போட்ட காலையும் தூக்கி வண்டிக் கூரைமேல் வைப்பதுபோல எகிறினான். அங்கே வண்டி இல்லை. அப்படியே விழுந்தான். மாவுக்கட்டு நடுவில் விரிந்திருந்தது.

தூக்கிக்கொண்டு வரும்போது அம்மா எதிரே வந்தாள். நடந்ததைச் சொன்னேன். அறைவாள் என்று நினைத்தேன்.

"நானுந்தாண்டி தெனம் கேக்கறேன்" என்றாள். "காதுல வெச்சிக் கேக்கறேன். உன்ன மாதிரி மைக்செட்டு போட்டனா?"

டாக்டரம்மா மறுபடி படம் எடுத்தார். எலும்பு லேசாகத்தான் நகர்ந்திருந்தது, ஆபரேஷன் வரைக்கும் போகவில்லை. புதுக் கட்டுப் போட்டார். இந்தத் தரம் சிரிக்கவில்லை.

"இன்னும் நாலு வாரம். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா இந்தக் கால் தாங்காது."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் என் யோசனையைச் சொன்னேன். நைனா குரலையே வைத்துப் பழக்க வேண்டும். இல்லையென்றால் பயந்து பயந்து அந்த போனைத் தொடவே முடியாது.

"அவுரு கொரல நாயிக்கு சோத்து மணி ஆக்கப் போறியா?" என்று கேட்டாள். இரண்டு நாள் கழித்து அவளே ஈரலை வேகவைத்து நறுக்கி, போனையும் எடுத்து வந்து என் பக்கத்தில் வைத்தாள். "சத்தம் கம்மியா வை" என்றாள்.

முதலில் கொசு ரீங்காரம் மாதிரி வைத்தோம். அவன் காது மட்டும் ஆடியது. ஈரல். ஒரு நாளைக்கு இருபது தரம், முப்பது தரம். முதல் நாள் நாங்கள் இரண்டு பேரும் அழுதோம். மூன்றாம் நாள் நான் மட்டும். ஒரு வாரம் ஆனபோது அந்த இருமல் வரும் இடத்தில் அம்மா, "பீடி வாணாம்னு சொன்னா கேட்டாதானே" என்று நைனாவைத் திட்டினாள், அவர் கூடத்தில் உட்கார்ந்திருப்பதுபோல. பிறகு ஒவ்வொரு தரமும் திட்டினாள். எனக்குச் சிரிப்பு. நாய்க்கு ஈரல். இப்படியே போனது.

புதுக் கட்டுப் போட்ட மூன்றாவது வாரக் கடைசியில் சத்தத்தை முழுசாக வைத்தேன். அம்மா கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நைனா பேசினார், இருமினார், டேய் கீய எறங்குடா என்றார். நாய் அசையவில்லை. வாசலைப் பார்க்கவில்லை. முகவாயைக் கட்டின்மேல் வைத்து என் கையைப் பார்த்தான்.

நான் நினைத்தது நடந்துவிட்டது. ஈரலை வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய், துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதேன். வீட்டில் நைனா வருவார் என்று நம்பிக்கொண்டிருந்தது ஒரு ஜீவன்தான். அதற்கும் நான்தான் ஈரல் கொடுத்து, வரமாட்டார் என்று சொல்லிக் கொடுத்தேன். அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "காலு நிக்கணும்ல" என்றாள்.

கால் நின்றது. நான்கு வாரம் முடிந்து கட்டைப் பிரித்தபோது உள்ளே முடி கொட்டி, முருங்கைக்காய் மாதிரி இளைத்து இருந்தது. கொஞ்சம் வளைவும் இருக்கிறது. படத்தைப் பார்த்துவிட்டு, எலும்பு கூடிவிட்டது என்று டாக்டரம்மா சொன்னார். முதலில் பத்து நிமிஷம் நடக்கலாம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். இப்போது காலையும் சாயங்காலமும் ஏரிக்கரையில் கயிற்றைப் பிடித்து நடத்துகிறேன். விந்தி விந்தி வருகிறான். மோக்கிறான், நிற்கிறான், மறுபடி மோக்கிறான். நேற்று ஒரு நண்டு வளைக்குள் மூக்கை விட்டுக் கடி வாங்கிக்கொண்டு, அதைப் பார்த்தே அரை மணி நேரம் குரைத்தான். மூளைக்கு நல்ல வேலை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எந்தக் கோயில் வாசலில் நின்றாலும், சர்ச்சுக்குப் போனாலும், தர்காவுக்குப் போனாலும், எங்கள் நைனாவுக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள். காரியத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அவர் இனிமேல் நிம்மதியாகப் படுத்து ஓய்வெடுக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதை மட்டும் வேண்டாதீர்கள். ஒரு இடத்தில் உட்கார அவரால் முடியாது. போன இடத்தில் அவருக்கு ஏதாவது வேலை கிடைக்கட்டும், கூடமாட நிற்க நல்ல ஆட்கள் கிடைக்கட்டும், நெஞ்சு வலிக்காமல் இருக்கட்டும். அப்படி வேண்டிக்கொள்ளுங்கள். எல்லாரும்.